பட்டாசு ஜெமீலும் மரங்கொத்தியும்

எனக்குக் கோபம் வரும். இது நிந்தவூரில் நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். 'பட்டாசு ஜெமீல்' வீடு எதுவென்று கேட்டால் கல்முனை பஸ்காரனும் கையை நீட்டிக் காட்டுவான். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. நெல் மூட்டையை இறக்கிவிட்டு நான் திரும்பி நடக்கும்போது பின்னால் எவனாவது வாயால் 'டப்' என்று ஒரு சத்தம் போடுவான், அவ்வளவுதான். போடட்டும். ஆனால் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு மரங்கொத்தி என்னைப் படுத்திய பாட்டை மற்றவன் கையும் காலும் வைத்துச் சொல்லித் திரிய நான் விடமாட்டேன். அதை நானே சொல்கிறேன்.

எனக்கும் றஹீமாவுக்கும் ஹப்ஸா ஒரே பிள்ளை. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பெற்றவன் வீட்டைக் கட்டிவிட்டுத்தான் மாப்பிள்ளை தேட வாயைத் திறக்கலாம். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெற்ற நாங்கள் பின்பக்கத்து அறைக்கு ஒதுங்கிக்கொள்வோம். அப்படியே நானும் ஒரு வீடு கட்டினேன். முன்கதவு முழுக்க முதிரைப் பலகை. வெளியே நின்று மெதுவாகக் கதைத்தால் உள்ளே ஒரு சொல் கேட்காது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கதவைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணிக்கே உட்கார்ந்தார்கள். பெல் பூட்டக் கம்பி மட்டும் இழுத்திருந்தேன். பெல் வாங்கிப் பூட்ட நேரம் வரவில்லை.

விறாந்தைக் கூரையின் ஓரத்தில் அழகுக்காக ஒரு பலகை அடித்து, அதற்குக் கபில நிறப் பெயின்ட் பூசினேன். பெயின்ட் காய்ந்த கையோடு வினை தொடங்கியது.

ஒரு காலை. டொக், டொக், டொக். நான் சேட்டைத் தேடிப் போட்டுப் பொத்தானைப் பூட்டினேன். றஹீமா முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். ஹப்ஸா அறைக்குள் போனாள். கதவைத் திறந்தால் ஆள் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். டொக், டொக், டொக். மறுபடி திறந்தேன், வாசலில் வெயில் மட்டும் நின்றது. மூன்றாம் தரமும் அப்படியே. அதன் பிறகு சத்தமில்லை.

“ஆரோ நல்ல மரியாதையான மனிசர் வந்திரிக்காங்க,” என்றாள் றஹீமா. “மூணு தரம் தட்டிட்டுப் போயிட்டாங்க.”

அவள் சொன்னதில் பிழையில்லை. அடுத்தவர் வீட்டுக்குப் போனால் மூன்று தரம் தட்ட வேண்டும், ஸலாம் சொல்ல வேண்டும், தட்டுக்குத் தட்டு கொஞ்சம் பொறுக்க வேண்டும். மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் மனம் கோணாமல் திரும்பிப் போக வேண்டும். சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போன இடத்திலேயே எங்களுக்குப் படிப்பித்துத் தந்த மரியாதை இது. எங்கள் ஊர் ஆட்களிலேயே பாதிப்பேர் அதை மறந்துவிட்டார்கள். மூன்று தட்டித் திரும்பிப் போன இந்தப் புண்ணியவான் யார் என்று நானும் நாலு பேரை ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டேன். “நீங்களா வந்த?” என்று கேட்டால் எல்லாரும் பயந்துபோய் இல்லை என்றார்கள்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் றஹீமா ஜின்னாக இருக்குமோ என்று குரலைத் தாழ்த்தத் தொடங்கினாள். ஹப்ஸாதான் பின்வழியால் சுற்றிப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள்.

“வாப்பா, ஒங்கட விருந்தாளி பலகையில தொங்கிட்டு இரிக்காரு.”

போய்ப் பார்த்தேன். ஒரு மரங்கொத்தி. அதுவும் சிட்டுக்குருவி அளவில். முதுகில் கபிலமும் வெள்ளையும் கோடு கோடாக இருந்தது. வாலைப் பலகையில் ஊன்றிக்கொண்டு, நகத்தால் பற்றி, குறுகுறுவென்று மேலே ஏறி மூன்று கொத்துக் கொத்தியது. தலையைச் சாய்த்து ஏதோ கேட்டது. மறுபடி மூன்று. விறாந்தையில் அந்தச் சத்தம் விழுந்தால் கதவில் விரல் மடக்கித் தட்டிய மாதிரியே இருந்தது.

“குஞ்சு போல,” என்றேன்.

ஹப்ஸா ஃபோனைத் தட்டிப் பார்த்தாள். “குஞ்சில்ல வாப்பா. வளந்ததே இவ்வளவுதான். பெரிய காட்டுலயும் இரிக்குமாம், தோட்டந் தொரவுலயும் இரிக்குமாம்.”

“பெரிய காட்டுல மரம் முடிஞ்சு போயித்தா? என்ட பலகைக்கா வரணும்?”

அன்றிலிருந்து எனக்கும் அதற்கும் சண்டை. பழைய சீடிகளை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். அது சீடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொத்தியது. வயலில் நிற்கிற வெருளியைத் தூக்கி வந்து என் சேட்டையே அதற்குப் போட்டு விறாந்தையில் நிறுத்தினேன். மையித்து வீட்டிலிருந்து சாவுச் செய்தி சொல்ல வந்த ஒருவர் அந்த வெருளிக்கு ஸலாம் சொல்லிச் செய்தியையும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு மிஞ்சியது வாய்தான். டொக் என்ற சத்தம் கேட்டால் இருந்த இடத்தில் இருந்தபடியே ஏசத் தொடங்கினேன். பலன் இருந்ததோ இல்லையோ, நெஞ்சுக்கு ஆறுதலாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் ஹப்ஸாவின் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அட்டாளைச்சேனை முஸ்தாக். ஒலுவில் கெம்பஸில் வேலை. ஹப்ஸாவும் அங்கேதான் படித்தாள். இரண்டு பேருக்கும் ஏற்கெனவே தெரியும் என்பது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் தெரியாதவன் மாதிரியே இருந்துவிட்டேன். பிள்ளை ஆசைப்பட்டிருக்கிறாள், பையனும் நல்லவன், பிறகு என்ன? றஹீமாவின் மச்சி றுகையா இடையில் நின்று கதைத்தாள். முஸ்தாக்கின் தாய் சபியா உம்மா தன் தங்கச்சியோடு வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆவுக்குப் பள்ளிக்குப் போகும்போது ஃபோனை மௌனமாக்கினவன் அதைத் திருப்பிச் சத்தமாக்க மறந்துவிட்டேன். சாப்பிட்டுவிட்டு மண்டபத்தில் ஃபேனைப் போட்டுக்கொண்டு சரிந்தேன். அஸருக்கு இன்னும் நேரமிருந்தது. குசினியில் றஹீமாவும் ஹப்ஸாவும் வட்டிலப்பத்துக்கு மும்முரம். பிளெண்டர் 'கிர்ர்' என்று கத்திக்கொண்டிருந்தது.

டொக், டொக், டொக்.

“போ முசீபத்தே!” என்றேன் படுத்தபடியே.

கொஞ்சம் பொறுத்து, டொக், டொக், டொக்.

“இஞ்ச ஒனக்குத் தின்ன ஒண்டுமில்ல! ஒரு நாளைக்கு எத்தின தரம் வருவாய்? வெக்கம், சூடு ஒண்டும் இல்லையா?”

மறுபடியும் டொக், டொக், டொக். இந்த முறை கொஞ்சம் பலமாக. நான் எழுந்து உட்கார்ந்தேன். அடிவயிற்றிலிருந்து விட்டேன்.

“இனி இந்த ஊட்டுப் பலகையில ஒன்ட மூக்கு பட்டா, மூக்க அறுத்துக் கையில தருவன்! வந்த வழியே ஓடு!”

சத்தம் நின்றது. அல்ஹம்துலில்லாஹ், முதல்முறையாக என் சொல்லைக் கேட்டிருக்கிறது என்று நான் மீசையைத் தடவினேன். அந்த நேரம் குசினி ஜன்னலிலிருந்து றஹீமா வீரிட்டாள்.

“அல்லாஹ்வே! இஞ்சப் பாருங்க! அவங்க போறாங்க!”

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். கேற்றைத் தாண்டி இரண்டு கறுப்பு அபாயாக்கள் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தன. ஒருவர் கையில் இனிப்புத் தொதல் பெட்டி. அது வந்த மாதிரியே திரும்பிப் போனது. அவர்கள் கல்முனைப் பக்கம் போகும் ஓட்டோ ஒன்று கிடைத்ததால் சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டார்களாம். என் ஃபோனுக்கும் அழைப்பு எடுத்திருக்கிறார்கள். ஸலாமும் சொல்லியிருக்கிறார்கள். மெதுவாகச் சொன்ன ஸலாம் முதிரைக் கதவைத் தாண்டவில்லை. என் குரலுக்கு மட்டும் எந்தக் கதவும் ஒரு பொருட்டில்லை. நான் வெறுங்காலோடு ரோட்டுக்கு ஓடுவதற்குள் ஓட்டோ புகையை விட்டுவிட்டுப் போய்விட்டது.

மஃரிபுக்கு முன்னமே றுகையா ஃபோன் எடுத்தாள்.

“மச்சான், மூக்க அறுப்பன் எண்டா சொன்ன நீங்க?”

“அது குருவிக்குச் சொன்னது புள்ள!”

“நல்ல கத. அவங்க சம்பந்தம் வேணாம் எண்டுட்டாங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அப்போதே ஏணியை வைத்து, ஒரு தகரத்தை வெட்டி அந்தப் பலகை முழுவதையும் மூடி ஆணி அறைந்தேன். அறைந்த அறையில் என் கட்டைவிரலும் ஒன்று வாங்கியது.

ஹப்ஸா அழவில்லை. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். றஹீமா சாப்பிடக் கூப்பிட்டபோது வேண்டாம் என்றாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள். வீக்கம் வைத்த என் கட்டைவிரலில் ஐஸ் துண்டை வைத்துத் துணியால் சுற்றிக் கட்டினாள். கட்டி முடித்துவிட்டுத்தான் கதைத்தாள்.

“வாப்பா, முஸ்தாக்கத் தவிர வேற ஆரையும் நான் கலியாணம் முடிக்க மாட்டன். ஏசினது நீங்க. ஏசினத நீங்கதான் போய் எடுக்கணும்.”

நான் யாருடைய வீட்டுக்கும் போய்த் தலை குனிந்தவன் இல்லை. வாய்க்கால் தண்ணீர்ப் பிரச்சினைக்குக்கூடப் பெரியவர்களை என் வீட்டுக்கு வரச் சொன்னவன். அந்த நான் காலையிலேயே அட்டாளைச்சேனைக்குப் புறப்பட்டேன்.

சபியா உம்மா வயதில் என்னைவிட மூத்தவர். கணவர் மௌத்தாகிச் சில வருடங்கள். இரண்டும் ஆண் பிள்ளைகள். மூத்தவன் கல்யாணம் முடித்து மனைவி வீட்டில். இளையவன் முஸ்தாக். கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார், தேத்தண்ணியும் வந்தது. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. முகத்தில்தான் ஒன்றும் இல்லை.

“ராத்தா, நான் ஒங்களுக்கு ஏசல்ல. குருவிக்குத்தான் ஏசினன்.”

“குருவிக்கு?”

“ஓம். மரங்கொத்திக்கு.”

“மரங்கொத்திக்கு வெக்கமில்லையா எண்டு கேட்டா வெளங்குமா தம்பி?”

மூலையில் நின்ற முஸ்தாக் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவனுடைய தோள் குலுங்கியது.

“அது மூணு தரம் தட்டும் ராத்தா. எண்ணித் தட்டும். இடையில பொறுத்துப் பொறுத்துத் தட்டும்.”

“ஸலாமும் சொல்லுமோ?”

எனக்குச் சுருக்கென்று ஏறியது. நான் பொய் சொல்கிறேன் என்கிறாரா? பட்டாசின் திரி பற்றிவிட்டது. ஹப்ஸா கட்டிவிட்ட விரலைப் பார்த்தேன். கோபத்தைத் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினேன். சூடாக இருந்தது, இரண்டும்தான்.

“இல்ல ராத்தா,” என்றேன். “ஸலாம் மட்டும் தெரியாது.”

அவர் வெறும் கோப்பையை என் கையிலிருந்து வாங்கினார். “சரி. நான் ஒருக்கா வந்து என்ட கண்ணால பாக்கணும். குருவி இரிந்தா கதைப்பம். இல்லாட்டி நீங்க வேற எடம் பாருங்க தம்பி.”

வீட்டுக்கு வந்ததும் ஏணியை எடுத்துத் தகரத்தைக் கழற்றினேன்.

“நேத்து அடிச்சத இண்டைக்குக் கழட்டுறீங்களே, விசரா ஒங்களுக்கு?” என்றாள் றஹீமா.

“அது திரும்பி வரணும். வராட்டி ஒன்ட மகளுக்குக் கலியாணமில்ல.”

சீடிகளைக் கழற்றினேன். வெருளியை வயலுக்கே அனுப்பினேன். இவ்வளவு காலமும் அதை விரட்ட என்னவெல்லாம் செய்தேனோ அதையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தேன். ஆனால் மரங்கொத்தி வரவில்லை. அடுத்த வளவுத் தென்னையில் ஏறி இறங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. ரோசக்காரக் குருவி. உக்கிய மரத்துப் புழு, எறும்பு என்றால் அதற்கு உயிர் என்று ஹப்ஸா ஃபோனைப் பார்த்துச் சொன்னாள். வயல் வேலியோரம் பட்டுப்போய்க் கிடந்த முருங்கைக் குத்தி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு மெயின் ரோட்டால் நடந்து வந்தேன்.

“என்ன ஜெமீல் காக்கா, விறகா?” என்று ஒரு கடைக்காரன் கேட்டான்.

“இல்ல. விருந்து,” என்றேன்.

குத்தியை விறாந்தையின் பக்கச் சுவரோடு சாய்த்து வைத்தேன். காலையில் எழுந்து, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, “வா மகனே, வா ராசா, ஏசினது பிழைதான், வா,” என்று தென்னையைப் பார்த்துக் கெஞ்சினேன். என் சொந்த மச்சானிடம்கூட நான் இப்படி மன்னிப்புக் கேட்டதில்லை. அது தென்னையின் மறுபக்கத்துக்குச் சுற்றிப் போய்விட்டது.

சபியா உம்மா வந்தார். கூட றுகையா. இந்த முறை நான் கேற்றிலேயே நின்று கூட்டிக்கொண்டு வந்தேன். மண்டபத்தில் உட்காரவைத்தோம். வட்டிலப்பம் வந்தது, வாழைப்பழம் வந்தது, தேத்தண்ணி வந்தது. மரங்கொத்தி வரவில்லை. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு விறாந்தைப் பக்கத்தையே பார்த்தோம். அறைத் திரைச்சீலைக்குக் கீழே ஹப்ஸாவின் கால்விரல்கள் தெரிந்தன. அவை ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டிருந்தன.

அந்த விரல்களைப் பார்த்தபோது என் மூளை கழன்றுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். “தண்ணி மோட்டர ஒருக்காப் பாத்துட்டு வாறன்,” என்று எழுந்தேன். குசினியில் ஓர் அகப்பையை எடுத்தேன். பின்வழியால் சுற்றிப் போய், விறாந்தையின் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். அகப்பைக் காம்பால் பலகையில், டொக், டொக், டொக்.

உள்ளே றஹீமாவின் குரல் கேட்டது. “அந்தா! அதுதான் ராத்தா! அதேதான்!” பாவம், அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள்.

கொஞ்சம் பொறுத்தேன். குருவி எவ்வளவு பொறுக்கும் என்பது எனக்கு மனப்பாடம். டொக், டொக், டொக். எனக்கே ஒரு பெருமை வந்துவிட்டது. மூன்றாம் தட்டுக்குக் கையை ஓங்கினேன்.

“தம்பி.”

மூலையில் சபியா உம்மா நின்றார். கதிரைக்கு மேல் நான், கையில் அகப்பை, தொடை தெரிய மடித்த சாரன். பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. என் காலுக்குப் பக்கத்தில் சாய்த்திருந்த முருங்கைக் குத்தியைப் பார்த்தார்.

நானும் குனிந்து பார்த்தேன். அந்தக் கள்ளன் குத்தியில்தான் இருந்தான். வாலை ஊன்றி, குத்தியைச் சுற்றிச் சுற்றி, ஒரு சத்தமும் போடாமல் எறும்பு பொறுக்கிக்கொண்டிருந்தான். ஒரு நிமிஷம் நின்று, தலையைச் சாய்த்து, என் அகப்பையைப் பார்த்தான்.

“குருவி சும்மா இரிக்கு,” என்றார் சபியா உம்மா. “நீங்கதான் கொத்துறீங்க.”

அவருக்குப் பின்னால் றஹீமாவோடு வந்து நின்ற றுகையாதான் முதலில் வெடித்தாள். பிறகு றஹீமா. பிறகு சபியா உம்மாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு, முக்காட்டால் வாயைப் பொத்தி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எவ்வளவு நேரம் சிரித்தார்களோ தெரியாது. நான் கதிரையில் நின்றபடியே சாரனின் மடிப்பை இறக்கி விட்டேன். மரங்கொத்தி பறந்துவிட்டது.

சிரித்து ஓய்ந்ததும், நான் இறங்கிய அந்தக் கதிரையிலேயே சபியா உம்மா உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க நீர் வந்தது. இது சிரிப்பு இல்லை என்று எங்களுக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

“குருவிக்கதைய நான் அண்டைக்கே நம்பிட்டன் தம்பி,” என்றார். “இப்பிடி ஒரு பொய்ய ஒரு மனிசன் இருந்து யோசிச்சாலும் கட்ட ஏலா. ஏசினதும் பெரிசில்ல. மூணு தரம் தட்டியும் கதவு தொறக்கல்லயே, அதுதான் என்ட நெஞ்சுல நிண்டுட்டு.”

அவர் முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தார்.

“எனக்குப் பொம்புளப் புள்ள இல்ல. மூத்தவன் முடிச்ச ஊட்டுக்கு நான் போனா, வாசல்ல நிண்டு தட்டுவன். உள்ளுக்கு ரீவி சத்தம் கேக்கும். மூணு தரம் தட்டிட்டுத் திரும்பி பஸ் ஏறி வந்திரிக்கன். பெத்த புள்ளையப் பாக்கப் போய்த்தான். இப்ப இவன் ஒருத்தன்தான் மிச்சம். இவனையும் ஒங்கட கதவுக்குள்ள உட்டுட்டு, நான் வந்து தட்டினா தொறப்பீங்களா தம்பி? அத மட்டும் சொல்லுங்க.”

நான் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தேன். இவ்வளவு நாளும் நான் ஒரு பிள்ளைக்காக வீடு கட்டினேன் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். அந்த வீட்டுக்காக இன்னொருத்தி பிள்ளையையே கொடுக்கிறாள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்தவன் இல்லை. வெட்கமாக இருந்தது, சாரனை மடித்துக் கட்டி நின்றதைவிட.

ஹப்ஸா வெளியே வந்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் கூப்பிடாமல் பெண் வருவது வழக்கமில்லை. றஹீமா கண்ணால் தடுத்துப் பார்த்தாள். அவள் நிற்கவில்லை. நேரே போய் சபியா உம்மாவின் முன்னால் முழங்காலில் இருந்து, அவருடைய கையை விரித்து, அதில் ஒன்றை வைத்தாள். முன்கதவுப் பூட்டைத் திறக்கும் திறப்பு.

“மாமி, நீங்க தட்டத் தேவல்ல,” என்றாள். “தொறந்துட்டு உள்ளுக்கு வாங்க.”

சபியா உம்மா திறப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். றஹீமாவும் றுகையாவும் என்னைத்தான் பார்த்தார்கள். ஒவ்வொரு கல்லாக நான் வைத்துக் கட்டிய வீடு. இன்னும் கதவுக்கு வார்னிஷ்கூட இரண்டாம் முறை பூசவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் திறப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். இந்த இடத்தில் நான் வெடிப்பேன் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் காத்திருந்தேன். கோபம் வரவில்லை.

“வாங்குங்க ராத்தா,” என்றேன். “இது அவட ஊடு. ஊட்டுக்காரி தாறா.”

சபியா உம்மா அதைப் பையில் போடவில்லை. தேத்தண்ணி குடித்து முடியும்வரை கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்தார்.